ஸ்காலர்ஷிப் வைக்க நினைக்கும் அமெரிக்கத் தமிழ் டாக்டர்களுக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்காவில் தொழில் செய்யும் தமிழ் டாக்டர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

மெட்ராஸ் மெடிக்கலோ ஸ்டான்லியோ மதுரையோ யாழ்ப்பாணமோ, எங்கே படித்துவிட்டு வந்தவராக இருந்தாலும் சரி, இங்கேயே பிறந்து இங்கேயே படித்தவராக இருந்தாலும் சரி, இது உங்களுக்குத்தான். பொங்கல் விழாவிலோ யாராவது வீட்டுக் கொலுவிலோ சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருக்கும்போது உங்களில் சிலர் இந்தப் பேச்சை எடுப்பதைக் கேட்டிருக்கிறேன்: "அப்பா பேர்ல ஒரு ஸ்காலர்ஷிப் வைக்கணும், மெடிக்கல் படிக்கிற பசங்களுக்கு, இந்த ஊரிலேயே." நல்ல எண்ணம். நான் கேட்பது இவ்வளவுதான்: அந்தப் பணத்தை டி.ஓ., அதாவது ஆஸ்டியோபதி மருத்துவப் பட்டம், படிக்கும் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். காலத்துக்கும் பேர் நிற்கிற மாதிரி முடக்கி வைக்காமல், இப்போது செலவாகிற மாதிரி கொடுங்கள்.

என் மகள் ஒரு ஆஸ்டியோபதி மருத்துவக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பாதி படிக்கும்போது "ஓஹோ, அதுதான் விஷயமா" என்பீர்கள். அவளுக்காகக் கேட்கவில்லை. அவள் பழைய கடன் விதிக்குள் நுழைந்துவிட்டவள், எப்படியோ படித்து முடித்துவிடுவாள். அவளுக்குப் பின்னால் வருகிறவர்களின் கதைதான் வேறு. நான் மிச்சிகனில் கார்களுக்கு மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன், மருத்துவம் தெரியாது. ஆனால் ராத்திரி உட்கார்ந்து லோன் பேப்பரை வரி விடாமல் படிக்கிற பழக்கம் உண்டு.

டி.ஓ. என்றதும் இன்னமும் சிலர் முகம் ஒரு மாதிரி போகிறது. "எம்.டி. கிடைக்கலையா?" என்று என் மகளிடமே கேட்டிருக்கிறார்கள், அதுவும் கையில் பாயசக் கிண்ணத்தோடு. அமெரிக்காவுக்கு வெளியே பல நாடுகளில் ஆஸ்டியோபத் என்றால் கையால் அழுத்தி, நீவி வைத்தியம் செய்பவர் மட்டும்தான், அந்தக் குழப்பம் புரிகிறது. ஆனால் அமெரிக்க டி.ஓ., இங்கே வழக்கமான மருத்துவப் பட்டமான எம்.டி. வாங்கியவரைப் போலவே முழு மருத்துவர். ஐம்பது மாநிலங்களிலும் மருந்து எழுதலாம், அறுவை சிகிச்சை செய்யலாம். 1892-ல் மிசௌரி மாநிலத்தின் கர்க்ஸ்வில் என்ற சின்ன ஊரில் ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் தொடங்கிய பள்ளியிலிருந்து வந்த மரபு அது. ஸ்டில்லும் மருத்துவர்தான், மூளைக்காய்ச்சலில் தன் பிள்ளைகளைப் பறிகொடுத்து, அன்றைய மருந்துகள் மேல் நம்பிக்கை இழந்து வேறு வழி தேடியவர். அவர் சொன்னதில் பலவற்றை இன்றைய டி.ஓ.க்களே ஏற்க மாட்டார்கள், அது இருக்கட்டும். எம்.டி. பாடத்தோடு கூடவே முதுகெலும்பு, தசை, மூட்டுகளைக் கையால் சோதித்துச் சரிசெய்யும் பயிற்சியும் சில நூறு மணி நேரம் இவர்களுக்கு உண்டு. டிரம்பின் முதல் ஆட்சியில் வெள்ளை மாளிகை மருத்துவராக இருந்த ஷான் கான்லி டி.ஓ., அடுத்து பைடனுக்கு மருத்துவராக வந்த கெவின் ஓகானரும் டி.ஓ. இன்றைக்கு இந்த நாட்டில் மருத்துவம் படிக்கும் நாலு பேரில் ஒருவருக்கு மேல் டி.ஓ. மாணவர். பட்டம் வாங்கியபின் ஆஸ்பத்திரியில் எடுக்கும் பயிற்சியான ரெசிடென்சிக்கான அங்கீகாரமும் 2020 முதல் இரு தரப்புக்கும் ஒன்றேதான். ஆக, பாயசக் கேள்வியை இத்தோடு விட்டுவிடலாம்.

பணம் மட்டும் ஒன்றாகவில்லை. 2018-ல் நியூயார்க் பல்கலைக்கழகம் தன் மருத்துவ மாணவர் எல்லோருக்கும் கல்விக்கட்டணம் கிடையாது என்று அறிவித்தது. 2024 பிப்ரவரியில் ரூத் காட்ஸ்மன் என்ற மூதாட்டி, காலமான கணவர் வைத்துவிட்டுப் போன பங்குகளிலிருந்து நூறு கோடி டாலரை பிராங்க்ஸில் உள்ள ஐன்ஸ்டைன் மருத்துவக் கல்லூரிக்குக் கொடுத்தார். அரங்கத்தில் பிள்ளைகள் கத்திக் குதித்த வீடியோவை நீங்களும் வாட்ஸ்அப்பில் பார்த்திருப்பீர்கள். அதே வருடம் ஜூலையில் ஜான்ஸ் ஹாப்கின்ஸுக்கு மைக்கேல் புளூம்பெர்க் இன்னொரு நூறு கோடி கொடுத்தார். மூன்றுமே எம்.டி. கல்லூரிகள். டி.ஓ. பக்கம் பெரிய தொகை என்றால் எனக்கு உடனே நினைவுக்கு வருவது ஃபுளோரிடாவின் கிரண் பட்டேல், பல்லவி பட்டேல் தம்பதிதான். 2017-ல் நோவா சவுத்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகத்துக்கு 20 கோடி டாலர் என்று அறிவித்தார்கள், அதில் ரொக்க நன்கொடை 5 கோடி, மீதி புதிய வளாகத்துக்கான நிலமும் கட்டடமும். அங்கே ஆஸ்டியோபதி கல்லூரிக்கு இன்று கிரண் பட்டேல் பெயர்தான். குஜராத்திகள் முந்திக்கொண்டார்கள் என்று சொல்லி உங்களைச் சீண்டலாம், ஆனால் அங்கேயும் பெரும்பகுதி போனது கட்டடத்துக்கு என்பதைக் கவனியுங்கள்.

ஏன் இந்தப் பக்கம் பணம் வருவதில்லை? டி.ஓ. கல்லூரிகளில் பெரும்பாலானவற்றுக்குச் சொந்தமாகப் பெரிய ஆஸ்பத்திரி கிடையாது. பெரிய பல்கலைக்கழக ஆஸ்பத்திரியில் ஒரு கோடீஸ்வரருக்கு இதய வால்வு மாற்றுகிறார்கள், அவர் பிழைத்து எழுந்து நன்றியில் ஒரு செக் எழுதுகிறார். அங்கே நன்கொடை திரட்டுவதில் பெரும்பங்கு இப்படித்தான் நடக்கிறது. டி.ஓ. கல்லூரிக்கு அந்தக் கோடீஸ்வரர் வருவதே இல்லை. பழைய மாணவர்களிடம் கேட்கலாம் என்றால், பாதிக்கு மேற்பட்ட கல்லூரிகள் 2000-க்குப் பிறகு முளைத்தவை, அங்கே படித்து வெளியே வந்தவர்கள் இன்னும் தங்கள் கடனையே கட்டி முடிக்கவில்லை. கலிபோர்னியாவில் நடந்தது இன்னும் கொடுமை: 1962-ல் அங்கிருந்த டி.ஓ.க்கள் 65 டாலர் கட்டி எம்.டி. பட்டம் வாங்கிக்கொள்ளலாம் என்று ஏற்பாடு செய்து, ஏறக்குறைய இரண்டாயிரம் பேர் அப்படியே மாறிப்போனார்கள். அவர்கள் கல்லூரியும் எம்.டி. கல்லூரியாகி இன்று கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் அர்வைன் வளாகத்தில் இருக்கிறது. ஒரு பெரிய மாநிலத்தின் பழைய மாணவர் கூட்டமே கைமாறிப் போனது என்றால் பிறகு யாரிடம் போய்க் கையேந்துவது?

இந்த நிலைமையில்தான் புதுச் சட்டம் வந்தது. 2025 ஜூலை 4-ம் தேதி கையெழுத்தான அந்தப் பெரிய வரிச் சட்டத்தின் நடுவே, மாணவர் கடன் பற்றிய பகுதி ஒன்று இருக்கிறது. இதுவரை கிராட் பிளஸ் என்று ஒரு மத்திய அரசுக் கடன் இருந்தது. கல்லூரி சொல்லும் மொத்தச் செலவு வரைக்கும் அதில் வாங்கிக்கொள்ளலாம். வட்டி அதிகம்தான், ஆனாலும் படிப்பு நிற்காது. 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குபவர்களுக்கு அது இல்லை. மருத்துவம் போன்ற தொழிற்படிப்புக்கு இனிமேல் அரசுக் கடன் ஆண்டுக்கு 50,000 டாலர், மொத்தமாக 2 லட்சம், அத்தோடு சரி. தனியார் டி.ஓ. கல்லூரிகள் பலவற்றில் கல்விக்கட்டணமே ஆண்டுக்கு 60,000-ஐத் தாண்டிவிட்டது. வாடகை, சாப்பாடு, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்தால் தொண்ணூறாயிரம் வரை போகிற இடங்கள் உண்டு. ஐம்பது கழித்தால் நாற்பது. நாலு வருடத்துக்கு நாற்பது நாற்பதாகக் கூட்டிப் பாருங்கள்.

அந்தப் பள்ளத்தைத் தனியார் வங்கி நிரப்பும் என்பார்கள். நிரப்பும், வசதியான வீட்டுப் பிள்ளைக்கு. நல்ல கிரெடிட் உள்ள ஒருவர் கூடக் கையெழுத்துப் போட வேண்டும். லாப நோக்கமில்லாத ஆஸ்பத்திரியில் பத்து வருடம் வேலை பார்த்துத் தவணை கட்டினால் மீதி அரசுக் கடன் தள்ளுபடியாகும் திட்டம் ஒன்று இருக்கிறதே, அதெல்லாம் தனியார் கடனுக்குப் பொருந்தாது. கென்டக்கி மலைக்கிராமத்தில் அம்மா மட்டும் வளர்த்த பிள்ளைக்கு யார் கையெழுத்துப் போடுவார்கள்? எம்.டி. மாணவர்களுக்கும் இதே உச்சவரம்புதான், மறுக்கவில்லை. ஆனால் அங்கே அரசுக் கல்லூரிகள் அதிகம், கல்லூரியே கொடுக்கும் உதவியும் அதிகம். இங்கே மிச்சிகன் ஸ்டேட், மேற்கு வர்ஜீனியா, ஓக்லஹோமா மாதிரி சில அரசுக் கல்லூரிகளை விட்டால் மீதி பெரும்பாலும் தனியார்.

இன்னொரு கூட்டம் இருக்கிறது, அதை நம்மவர்களே மறந்துவிடுகிறோம். எச்-1பி அப்பாவோடு நாலைந்து வயதில் வந்து, இங்கேயே எல்லாப் பள்ளிப் படிப்பும் படித்து, கிரீன் கார்டு வரிசை நகராததால் 21 வயதில் அப்பாவின் விசாவிலிருந்து கழன்று மாணவர் விசாவில் நிற்கும் பிள்ளைகள். நம் தமிழ்ப் பள்ளிகளில் திருக்குறள் ஒப்பித்த அதே பிள்ளைகள்தான். இவர்களுக்கு அரசுக் கடன் ஒரு டாலர்கூடக் கிடையாது, பல கல்லூரிகள் விண்ணப்பத்தையே வாங்குவதில்லை. வாங்குகிற சில கல்லூரிகளிலும் உதவித்தொகை விதிமுறையைப் பார்த்தால் 'குடிமக்கள் அல்லது நிரந்தரவாசிகள்' என்று ஒரு வரி உட்கார்ந்திருக்கும். அந்த வரி பெரும்பாலும் பழைய படிவத்திலிருந்து அப்படியே வந்தது, நன்கொடை கொடுத்தவர் கேட்டுப் போட்டதாக இருக்காது. நீங்கள் கொடுக்கும்போது அந்த வரியை அடிக்கச் சொல்லுங்கள். விசா வரிசையின் வலி தெரிந்த நீங்கள் சொல்லாமல் வேறு யார் சொல்வார்கள்?

சரி, எப்படிக் கொடுப்பது என்பதற்கு வருகிறேன்.

நிதியம் வைப்பது என்றால் என்னவென்று ஹார்வர்டு தமிழ் இருக்கை சமயத்தில் நம் எல்லோருக்கும் பாடம் ஆகிவிட்டது. இரண்டு தமிழ் டாக்டர்கள் ஆளுக்கு ஐந்து லட்சம் டாலர் வைத்துத் தொடங்கி, ஊரெல்லாம் சேர்ந்து 60 லட்சம் திரட்டினோம். முதலைத் தொடாமல் அதன் வருமானத்தில் மட்டும் இருக்கை காலகாலத்துக்கும் நடக்கும். இருக்கைக்கு அதுதான் சரி. ஸ்காலர்ஷிப்புக்கும் அதே வழியைப் பிடிப்பதில்தான் சிக்கல். கல்லூரிகள் நிதியத்திலிருந்து பொதுவாக ஆண்டுக்கு நாலு, நாலரை சதவீதம்தான் எடுத்துச் செலவழிக்கும். நீங்கள் ஐம்பதாயிரம் டாலர் கொடுத்து, விழா வைத்து, அப்பா பெயரைச் சுவரில் பதித்தபின் ஒரு மாணவருக்குக் கிடைப்பது வருடத்துக்கு இரண்டாயிரம் டாலர். நாற்பதாயிரம் பள்ளத்துக்கு இரண்டாயிரம், யானைப் பசிக்குச் சோளப்பொரி. அந்த இரண்டாயிரத்துக்கும் ஒரு கட்டுரை, இரண்டு பரிந்துரைக் கடிதம், கிடைத்தபின் நன்கொடையாளருக்கு நன்றிக் கடிதம். என் மகள் பரீட்சைக்கு முந்தின வாரம் அப்படி ஒரு கட்டுரையை எழுதிக்கொண்டிருந்தாள். 'தலைமைப் பண்பு என்றால் உங்களுக்கு என்ன' என்பது தலைப்பு. "தூங்காமல் இருப்பது என்று எழுதட்டுமாப்பா?" என்றாள்.

அதே ஐம்பதாயிரத்தை நாலு வருடத்தில் செலவழித்துவிடுங்கள் என்று கல்லூரி அறக்கட்டளையிடம் எழுதிக் கொடுக்கலாம். ஒரே மாணவிக்கு ஆண்டுக்கு பன்னிரண்டாயிரத்து ஐநூறு. அவள் தனியார் வங்கிப் பக்கம் போகவேண்டிய தொகை கணிசமாகக் குறையும். சுவரில் பெயர் இருக்காது, அல்லது நாலு வருடம் இருந்துவிட்டுப் போகும். உங்களுக்குப் பிடித்திருந்தால், பணமும் இருந்தால், ஐந்தாம் வருடம் மறுபடி கொடுங்கள், அப்போது நிலைமையைப் பார்த்து வேறு கல்லூரிக்குக்கூடக் கொடுக்கலாம். அறக்கட்டளைக்காரர்கள் நிதியத்தைத்தான் வற்புறுத்துவார்கள், அவர்களுக்கு அது நிரந்தர வரவு. நீங்கள் விட்டுக்கொடுக்காதீர்கள்.

எந்த ஆண்டில் கொடுப்பது? வட்டிக் கணக்குப்படி முதல் ஆண்டில் கொடுப்பதுதான் லாபம். படிக்கும்போதே வட்டி ஏறுகிறது. 2025-26-ல் வாங்கிய அரசுக் கடனுக்கு 7.94 சதவீதம், முதல் ஆண்டில் பத்தாயிரம் வாங்கியவர் பட்டம் வாங்கும் நாளில் வட்டி மட்டும் மூவாயிரத்துக்குக் கிட்டத்தட்ட வைத்திருப்பார். ஆனாலும் என் வீட்டில் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன், கை காய்ந்துபோவது மூன்றாம் ஆண்டில். சொந்த ஆஸ்பத்திரி இல்லை என்றேனே, அதன் விலையை மாணவர்தான் கொடுக்கிறார். நாலு வாரம் ஒரு ஊரில் குழந்தை மருத்துவம், அடுத்த நாலு வாரம் நூறு மைல் தள்ளி இன்னொரு ஊரில் அறுவை. என் மகளின் பழைய கொரோலா டிக்கியில் எப்போதும் ஒரு சின்ன ரைஸ் குக்கர், ஊறுகாய் பாட்டில், துவைத்த ஸ்க்ரப்ஸ் ஒரு பை, துவைக்காதது ஒரு பை, மடக்கு மெத்தை. கல்லூரி ஊரில் எடுத்த வீட்டுக்கு லீஸ் இருக்கிறது, வாடகை போய்க்கொண்டே இருக்கும். போன ஊரில் ஒரு அறைக்கும் வாடகை. அறுவை மாதத்தில் ஐந்து மணிக்கு ஆஸ்பத்திரியில் நிற்க வேண்டும் என்று நாலேகாலுக்குக் கிளம்புவாள், மலைப்பாதையில் மான் குறுக்கே வருமே என்று அவள் அம்மா இங்கே போனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். டயர் மாற்றியது, பிரேக் மாற்றியது எல்லாம் கிரெடிட் கார்டில். அப்புறம் பரீட்சை: டி.ஓ. மாணவர்களுக்கு காம்லெக்ஸ் என்ற உரிமத் தேர்வு கட்டாயம், ஆனால் சில ரெசிடென்சிக்காரர்கள் எம்.டி. மாணவர்கள் எழுதும் யு.எஸ்.எம்.எல்.ஈ. மதிப்பெண்ணும் பார்க்கிறார்கள் என்பதால் நிறையப் பேர் இரண்டையும் எழுதுகிறார்கள். இரண்டுக்கும் தனித்தனியாகப் பல நூறு டாலர் கட்டணம். ஒரே படிப்பு, ஒரே உடம்பு, இரண்டு பரீட்சை. இதை யார் கண்டுபிடித்தார்களோ தெரியவில்லை.

அதனால் மூன்றாம், நாலாம் ஆண்டு மாணவர்களுக்கு, மதிப்பெண் வரிசை பார்க்காமல், தேவையைப் பார்த்துக் கொடுங்கள். முதல் மதிப்பெண் எடுப்பவருக்குக் கொடுக்க ஏற்கெனவே ஆள் இருக்கிறது.

செக் எழுதும் முன் இரண்டு நுணுக்கம். கல்விக்கட்டணம், புத்தகம் போன்றவற்றுக்குப் போகும் உதவித்தொகைக்கு மாணவர் வரி கட்ட வேண்டாம், வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் போவதற்கு வரி உண்டு. ஆகவே கட்டணத்துக்கு என்று கொடுத்தால், கட்டணத்துக்குப் போயிருக்கும் கடன் பணம் வாடகைக்கு மிஞ்சும். அடுத்தது, மாணவருக்கு வரும் எல்லா உதவியும் சேர்ந்து கல்லூரி கணக்கிட்ட மொத்தச் செலவைத் தாண்டக்கூடாது என்பது விதி. நீங்கள் நல்ல மனதோடு மார்ச் மாதம் கொடுக்கும் பணம், ஏற்கெனவே கணக்கு நிறைந்திருந்தால், அவள் கைக்கு வராமல் கடனைக் குறைப்பதோடு நின்றுவிடும். கெட்டது ஒன்றும் இல்லை, ஆனால் டயர் மாறாது. கல்வியாண்டுத் தொடக்கத்திலேயே கொடுங்கள், ரொட்டேஷன் என்ற அந்த ஊர் ஊரான பயிற்சியின் பயணச் செலவைக் கணக்கில் ஏற்ற முடியுமா என்று அந்தக் கல்லூரியின் நிதி உதவி அலுவலகத்தில் கேளுங்கள். பல இடங்களில் செய்வார்கள், ஆனால் கேட்டால்தான்.

நிபந்தனை பற்றியும் ஒரு வார்த்தை. 'படித்து முடித்து ஐந்து வருடம் கிராமத்தில் வேலை செய்யாவிட்டால் பணம் கடனாக மாறும்' என்று எழுதச் சிலருக்கு ஆசை. அரசாங்கம் அப்படி ஒரு திட்டம் வைத்திருக்கிறது, கல்விக்கட்டணம் முழுவதும் கொடுத்துவிட்டுக் கையைக் கட்டுகிறது, அது நியாயம். நீங்கள் இரண்டாயிரத்துக்குக் கையைக் கட்டாதீர்கள். கிராமத்துக்கு டாக்டர் வேண்டும் என்றால் கிராமத்துப் பிள்ளையாகப் பார்த்துக் கொடுங்கள், அவர்கள்தான் திரும்பிப் போகிறார்கள். ஓக்லஹோமா ஸ்டேட் பல்கலைக்கழகமும் செரோக்கி பழங்குடி அரசும் சேர்ந்து 2020-ல் தாலக்வா ஊரில் டி.ஓ. கல்லூரி தொடங்கியது இந்த எண்ணத்தில்தான். முதல் வகுப்பு 2024-ல் பட்டம் வாங்கிவிட்டது.

இதையெல்லாம் உங்களிடம் ஏன் கேட்கிறேன் என்றால், இந்தப் பிள்ளைகளை உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். ஜே-1 என்ற பயிற்சி விசாவில் ரெசிடென்சி முடித்து, ஊர் திரும்பாமல் இருக்க வேண்டுமானால் டாக்டர் இல்லாத ஊரில் மூன்று வருடம் என்று அனுப்பப்பட்டவர்கள் உங்களில் எத்தனை பேர்! மேற்கு வர்ஜீனியா நிலக்கரி ஊரிலும் மிசிசிப்பியிலும் இட்லி மாவுக்கு இரண்டு மணி நேரம் கார் ஓட்டியவர்கள். அங்கேயே தங்கிவிட்டவர்களும் உண்டு. டி.ஓ. மாணவர்கள் ரொட்டேஷனுக்கு வருவது அதே ஊர்களுக்குத்தான், அதே ஆஸ்பத்திரிகளுக்குத்தான். உங்களில் பலர் சம்பளம் வாங்காமலே அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறீர்கள். என் மகளுக்கு உள்மருத்துவம் சொல்லிக்கொடுத்தவர் திருநெல்வேலியில் படித்த ஒரு டாக்டர். முதல் நாளே "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டாராம், அதற்கப்புறம் வார்டில் அரை மணி நேரம் நிற்கவைத்துச் சோடியம் பற்றிக் குடைந்தாராம்.

பெரிய தொகை கொடுக்க முடியாதவர்கள், பிள்ளைகள் வேலைக்குப் போய்க் காலியாகக் கிடக்கும் மாடி அறையை நாலு வாரத்துக்கு ஒரு ரொட்டேஷன் மாணவருக்குக் கொடுக்கலாம். அந்த ஊர்களில் மாத வாடகைக்கு அறை கிடைப்பதே கஷ்டம், கிடைத்தாலும் ஆயிரம் டாலர் போய்விடும். உங்கள் ஆஸ்பத்திரியில் மாணவர் ரொட்டேஷனைப் பார்த்துக்கொள்ளும் ஒருங்கிணைப்பாளரிடம் 'எங்கள் வீட்டில் அறை இருக்கிறது' என்று ஒரு மின்னஞ்சல் போட்டால் போதும். டிட்ராய்ட் பக்கம் ரொட்டேஷன் வரும் பிள்ளைகளுக்கு எங்கள் வீட்டு பேஸ்மென்ட் அறை இருக்கிறது, மகளின் கல்லூரியில் சொல்லி வைத்திருக்கிறோம். ஒரே ஒரு நிபந்தனை, வீட்டில் சைவம். ஆம்லெட் வேண்டுமென்றால் வெளியே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான், அதில் என் மனைவி சமரசம் செய்யமாட்டாள்.

இப்படிக்கு,
மிச்சிகனிலிருந்து ஒரு டி.ஓ. மாணவியின் அப்பா